கடைவாய்க் குண்டு

கொடங்கிப்பாறை மலையூரில் எதையும் தூக்கியெறிகிற பழக்கம் கிடையாது, அதிலும் ஈயத்தை எறிகிறவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்வார்கள். பன்றியைச் சுட்டால் அதன் வயிற்றுக்குள் கையைவிட்டுத் துழாவிக் குண்டை எடுத்துக் கழுவி இடுப்பில் முடிந்துகொள்வார்கள், குறி தப்பி மரத்தில் பதிந்தால் மரத்தைக் கொத்தி எடுப்பார்கள், எடுத்ததையெல்லாம் சேர்த்துவைத்து மாசி மாதம் சாமிக்காக ஊர்கூடி ஆடுகிற பாரிவேட்டைக்குப் போகிறதற்கு முதல்நாள் ஒரே சட்டியில் போட்டு உருக்கிப் புதுக்குண்டு வார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், ஒச்சம்மாளின் புருசன் மொக்கராசு பாரிவேட்டையில் குண்டடிபட்டுச் செத்தபோது அவன் விலாவிலிருந்து எடுத்த குண்டையும் கழுவித் துடைத்து மற்ற ஈயத்தோடு போட்டுவைத்தார்கள் என்றால், அது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

ஒச்சம்மாளுக்கு மட்டும் பட்டது. மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தவள் எழுந்து போய், "அந்தக் குண்டை எங்கிட்டக் குடுங்க மாமா" என்று நாட்டாமை குருவப்பனிடம் கையேந்தினாள். குருவப்பன் நல்ல மனுசன்தான், எல்லாருக்கும் நல்ல மனுசனாக இருக்கிறவர் எப்படி இருப்பாரோ அப்படி இருப்பார். "உனக்கு எதுக்கும்மா அது? கண்ணுல படப்பட நெஞ்சு வேகும். ஈயம் வீணாப் போகக் கூடாதுல்ல" என்றார்.

"சுட்டது யாரு மாமா?"

"பனி, ஒச்சு. கை நீட்டுனா விரல் தெரியாத பனி. பனிதான் சுட்டுச்சுன்னு வச்சுக்க."

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது ஊரறிந்த சொலவடை. ஆனால் பனி ஆளைத் துளைத்ததாக ஒச்சம்மாள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். மொக்கராசு அன்று துப்பாக்கி எடுத்துப் போகவில்லை, காடு கலைக்கிற ஆளாகத் தகரம் தட்டிக்கொண்டு போனவன். மலையில் ஆறு துப்பாக்கிகள் இருந்தன, வெடித்தது ஒன்றே ஒன்று. குருவப்பனையும் சேர்த்து அந்த ஆறு பேரும் இறங்கி வருகிற வழியில் ஓடையில் குழலைக் கழுவினார்கள், மோந்து பார்த்தால்கூட எது வெடித்தது என்று தெரியாதபடிக்கு. பிறகு சாமி முன்னால் ஒரே கிண்ணத்துத் தண்ணீரை ஆளுக்கொரு வாய் குடித்து, பேரைச் சொன்னால் குலம் அழியும் என்று சத்தியம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆறு பேரில் ஒருவன் ஒச்சம்மாளின் கூடப்பிறந்த தம்பி சடையாண்டி. அம்மாக்காரி அவனைப் பெற்றுப்போட்டு அன்றைக்கே கண்ணை மூடிவிட்டாள். ஒச்சம்மாள்தான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பல் முளைக்காத வாய்க்குப் பொரியரிசியையும் கருப்பட்டியையும் தன் வாயில் போட்டுக் கூழாக மென்று எடுத்து ஊட்டியவள். அதனால் ராத்திரி பகலாக அவள் அந்தப் பெயர்களை மனசுக்குள் உருட்டியபோதெல்லாம் ஐந்து பெயரைத்தான் உருட்டினாள். ஆறாவது பெயர் அவள் கணக்கிலேயே வரவில்லை.

அடுத்த மாசியில்தான் குண்டுகளுக்கு ருசி வந்தது.

நாட்டுத் துப்பாக்கி கெட்டிக்கிறவனுக்கு இரண்டு கையும் போதாது, ஒரு கையில் குழல், மறுகையில் மருந்து, அதை நார் வைத்துக் கம்பியால் குத்தவேண்டும், அதுவரைக்கும் குண்டு எங்கே இருக்கும்? கடைவாயில்தான் இருக்கும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அந்த வருசம் குண்டைக் கடைவாயில் ஒதுக்கியவன் ஒவ்வொருத்தனும் புருவத்தைச் சுருக்கினான். ஒருத்தன், "என்னப்பா, மண்ணும் கிழங்குமா ருசிக்குது" என்றான், அவன் சுட்டது பன்றியின்மேல் பட்டது. இன்னொருத்தன் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி இனிக்கிறது என்றான், அவன் குண்டு கடமான்மேல் பட்டது, அறுத்துப் பார்த்தால் இரைப்பை நிறைய நெல்லிக்காய். நாட்டாமையின் மச்சினன் வாயில் ஆட்டுப்பால் கவுச்சி அடித்தது. அவன் அதைச் சட்டை செய்யாமல் பன்றியைப் பார்த்துச் சுட, குண்டு பாறையில் பட்டுத் தெறித்து, பள்ளத்தில் மேய்ந்துகொண்டிருந்த அவனுடைய சொந்த வெள்ளாட்டுக்குட்டியின் கழுத்தில் போய் இறங்கியது. அதோடு ஊருக்கு விசயம் விளங்கிவிட்டது: எந்தக் குண்டு எந்த உயிருக்கோ, அந்த உயிரின் ருசி அதில் முன்கூட்டியே ஏறிவிடுகிறது.

வேறு ஊராக இருந்தால் பயந்து நாலு பேர் குறிசொல்கிற கோடாங்கியிடம் ஓடியிருப்பார்கள். கொடங்கிப்பாறைக்காரர்கள், "அப்பாடா, இனிமே மருந்து வீணாகாது" என்றார்கள். கறிக்கு ஆகாத மிருகத்தின் குண்டுகளை மறுபடி உருக்கினார்கள், எந்த ருசியுமில்லாத குண்டு எதன்மேலும் படாது என்று கண்டு அதற்குச் சப்பைக்குண்டு என்று பெயர் வைத்து, புது மாப்பிள்ளைகளுக்கும் கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் கொடுத்தார்கள். குழம்பில் ருசியில்லை என்றால் பெண்டாட்டியைப் பார்த்து, "என்னடி, சப்பைக்குண்டு மாதிரி வச்சிருக்க" என்று கேட்கிற அளவுக்கு அது புழக்கத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் ஒரு குண்டில் கிராம்பும் புகையிலையும் ருசித்தது. ஊரெல்லாம் வாங்கி வாயில் வைத்துப் பார்த்து, இது மளிகைக்கடை தவசியப்பனேதான் என்று ஒருமுகமாகச் சொன்னது. தவசியப்பன் நடுங்கிக்கொண்டே அதை வாங்கித் தன் வாயில் போட்டுச் சப்பிப் பார்த்து, "அட போங்கப்பா, ஒண்ணுமே ருசிக்கலியே, இது சப்பைக்குண்டு" என்றார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "தன் வாய் நாத்தம் தனக்குத் தெரியுமாக்கும்!" அந்தக் குண்டைக் கோயில் கிணற்றில் போட்டார்கள். தவசியப்பன் இன்றுவரைக்கும் உயிரோடு இருக்கிறார், அந்தக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் தொடமாட்டார். அன்றைக்கு ஊர் இரண்டு தீர்மானம் போட்டது. மனுச ருசி உள்ள குண்டு கிணற்றுக்கு. தனக்கென்று வந்த குண்டு தன் நாக்குக்குச் சப்பையாகத்தான் படும், அவனவன் ருசித்தால் மோசம் போவோம், ஊருக்கு ஒரு பொது நாக்கு வேண்டும்.

நாக்குக்கு எங்கே போவது? ஆம்பிளைகள் நாக்கெல்லாம் புகையிலையிலும் சாராயத்திலும் வெந்துபோன நாக்கு. புருசன் செத்ததிலிருந்து அரை உப்பில் கஞ்சி குடித்துக்கொண்டு, வெற்றிலைகூடப் போடாமல் கிடந்தவள் ஒச்சம்மாள் ஒருத்திதான். கூத்தைப் பாருங்கள். தாலியறுத்தவள் எதிரே வந்தால் வேட்டை விளங்காது என்று வேட்டைக்காலையில் அவள் வீட்டுக் கதவை வெளியே கொண்டிபோட்டு வைத்த அதே ஆட்கள், அவள் எச்சில் பட்ட குண்டுக்காக அவள் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். விழுகிற கடமானில் ஒரு தொடை அவளுக்கு என்று நாட்டாமை சொன்னார்.

ஒச்சம்மாள் ஒத்துக்கொண்டது தொடைக்காக இல்லை. உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும், தன் புருசனைச் சுட்டவனைச் சாமி சும்மா விடாது, அவனுக்கென்று ஒரு குண்டு ஏதோ ஒரு மாசியில் வரும், வந்தால் அது முதலில் தன் நாக்குக்குத்தான் வந்தாகவேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: யார்? அதற்காக அவள் மாசிக்கு மாசி ஈயத்தைச் சப்பினாள், பன்றியையும் கேழையாட்டையும் முயலையும் நாக்கில் வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வருசமும் கடமான் தொடையைத் தேக்கிலையில் பொதிந்து அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவன் சடையாண்டிதான். "அக்கா, மிளகு தூக்கலா வையி" என்று சொல்லி, அடுப்படியிலேயே குந்தி உட்கார்ந்து, இரண்டாம் சோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, தம்பி சாப்பிடுகிறதைப் பார்த்தால் அவளுக்கு அந்த ஒருநாள் மட்டும் வயிறு நிறையும்.

இந்த வருசம் மலையில் ஒற்றைக்கொம்புக் கடமான் ஒன்று இறங்கியிருந்தது. ஒரு கொம்பு முறிந்து, மறுகொம்பு மூன்று கிளை விட்டு, கன்றுபோட்ட எருமை உசரத்துக்கு நிற்கும். சாயங்காலமானால் மொட்டப்பாறை உச்சியில் வந்து நின்று ஊரையே பார்க்கும். சாமிக்கு அதுதான் என்று எல்லாரும் பேசிவைத்துக்கொண்டார்கள். வேட்டைக்குப் போகிற விடியலில் கோயில் வாசலில் சுளகு வைத்து, அதில் நேற்று வார்த்த குண்டுகளைக் குவித்து, ஆறு துப்பாக்கிக்காரர்களும் குளித்த தலையோடு வரிசையில் நிற்க, பனி இறங்கிக்கொண்டிருந்தது, அன்றைக்கு இறங்கிய அதே பனி.

ஒச்சம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்தாள். சேறும் கோரைக்கிழங்கும், பன்றி. இடதுபக்கம் வைத்தாள். பனி நனைந்த அருகம்புல், முயல். சப்பை. சப்பை. பக்கத்தூர்ப் பசு ஒன்றின் மடிச்சூடு, அது உருக்குவதற்கு. நெல்லிக்காய்த் தித்திப்புடன் ஒன்று வந்தது, நாக்கு குளிர்ந்தது. "இதுதான் கடமான்" என்று அதை வெற்றிலைமேல் வைத்தாள், ஊரே பெருமூச்சு விட்டது. மிச்சத்தையும் பார்த்துவிடுவோம் என்று அடுத்ததை எடுத்து வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பொரியரிசி. கருப்பட்டி. அதற்கடியில் பல் முளைக்காத ஈறின் பால்வாடை.

அந்த ருசியை ஊரில் வேறு யார் வாயில் வைத்திருந்தாலும் ஏதோ தின்பண்டம் என்று நினைத்திருப்பார்கள். ஒச்சம்மாளுக்குத் தெரியாதா? தன் விரலால் வழித்து வழித்து ஊட்டி, அவன் துப்பியதைத் திரும்பத் தன் வாயில் போட்டுக்கொண்டவள் அவள். சாமி புத்திகெட்டுப் போய்விட்டது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஐந்து பேர் இருக்கிறார்களே, நான் கேட்டது அந்த ஐந்தில் ஒருத்தனை அல்லவா, பாவி, ஆள் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்துகிறாயே என்று கோயிலைப் பார்த்து மனசுக்குள் வைதாள். குண்டைத் துப்பவில்லை, கடைவாயில் ஒதுக்கிக்கொண்டாள். வாய் கொப்பளிக்கிற மாதிரி எழுந்து கிணற்றடிக்குப் போனவள், "சடையா, தண்ணி எறைக்க வாடா" என்று தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் கயிற்றில் கைவைக்கவுமே அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றில் போட்டுவிட்டால் போயிற்று, ஆனாலும் அவனை மலைக்கு அனுப்ப மனசு வரவில்லை.

"தம்பி, இன்னைக்கு நீ மலையேற வேணாம்."

"ஏங்க்கா?"

"குண்டு சொல்லிருச்சுடா" என்றாள். வாயில் ஈயம் இருந்ததால் அதற்குமேல் பேசமுடியவில்லை.

சடையாண்டியின் கையிலிருந்து வாளி கிணற்றுக்குள் விழுந்தது. அவன் அப்படியே சரிந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"சொல்லிருச்சாக்கா? ஐயோ... என்னைக்காச்சும் சொல்லும்னு எனக்குத் தெரியும்க்கா. தெரியாமத்தான் சுட்டேன். மச்சான் குளிர் காய காஞ்ச கொப்பை ஒடிச்சுத் தலையில வச்சுட்டு வந்தாரு, பனிக்குள்ள எனக்குக் கொம்பாத் தெரிஞ்சுச்சு. கிட்டப்போயித்தான் பாத்தேன். உசுரு இருந்துச்சுக்கா. 'அக்காகிட்டச் சொல்லிராதடா, தாங்கமாட்டா'ன்னு அவருதாங்க்கா சொன்னாரு."

ஒச்சம்மாள் குண்டைக் கடைவாயில் அழுத்திக்கொண்டு, "மத்தவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் தெரியும். நாட்டாமைதான், கூடப்பிறந்தவன்னு தெரிஞ்சா அவ உசுரை விட்டுருவா, யாரும் வாயைத் தெறக்காதீங்கன்னு சத்தியம் வாங்குனாரு. ஒனக்காகத்தாங்க்கா. எல்லாம் ஒனக்காகத்தான்."

எனக்காகவாம். ஊரே கூடி எனக்காக என்னை முட்டாளாக்கியிருக்கிறது என்று ஒச்சம்மாள் நினைத்தாள். சுட்டதுகூட அவளுக்குப் பொறுத்துப்போயிருக்கும். பனிதானே, கொப்புதானே, சின்னப்பயல்தானே, அன்றைக்கே வந்து காலில் விழுந்திருந்தால் விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்திவிட்டு அவனையே கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். அவளுக்குத் தொண்டைக்குள் நின்றது அந்தத் தொடைதான். மாசிக்கு மாசி தேக்கிலையில் பொதிந்து கொண்டுவந்த தொடை. மிளகு தூக்கலாக வைக்கச் சொன்ன வாய். இரண்டாம் சோறு. அவள் ஐந்து பெயரைச் சொல்லிச் சாமியிடம் மண்ணை வாரித் தூற்றியபோது பக்கத்தில் நின்று சூடம் கொளுத்திக் கொடுத்தவன் அவன்.

கிணறு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. துப்பினால் போதும்.

அவள் குண்டை விரலால் எடுத்து முந்தானையில் துடைத்தாள். "எந்திரிடா" என்றாள். எழுந்தான். சின்ன வயசில் பிடிக்கிற மாதிரி அவன் தாடையைப் பிடித்துக் குண்டை அவன் வாயில் வைத்தாள். அவன் பழக்கத்தில் அதைக் கடைவாய்க்குத் தள்ளிக்கொண்டான். நாக்கால் புரட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் ருசிக்கலியே அக்கா. சப்பையா?"

தவசியப்பன் கதை அவனுக்கும் தெரியும், ஊரே சிரித்தபோது அவனும்தான் சிரித்தான். அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சப்பைதான்" என்றாள் ஒச்சம்மாள். "நீ இனிமே எந்த உசுரையும் எடுக்க வேணாம். அதைப் போட்டுக்கிட்டுப் போ."

"மன்னிச்சிட்டியாக்கா?"

"போடா, பனி ஏறுது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். வரிசையில் நின்று, மருந்து கொட்டி, நார் வைத்துக் குத்தி, கடைவாயிலிருந்து அதை எடுத்துக் குழலில் போட்டுக் கெட்டித்தான். வெற்றிலைமேல் இருந்த கடமான் குண்டை நாட்டாமை எடுத்துக்கொண்டார். ஆறு பேரும் மலையேறினார்கள். அவன் நம்பித்தான் போனானா, தெரிந்தேதான் போனானா என்பது ஒச்சம்மாளுக்கு அன்றும் தெரியவில்லை, அதற்குப் பிறகும் தெரியப்போவதில்லை. ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளப் போனவளுக்கு இன்னொரு கேள்வி வந்து சேர்ந்தது.

வீட்டுக்குப் போனதும் அவள் அடுப்பு மூட்டி அரிசி பொரித்தாள், கருப்பட்டியை உரலில் தட்டினாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத்தெரியாது. கூப்பிட்டுவிடலாமா, ஓடிப்போய் மலையடியில் நின்று கத்திவிடலாமா என்று இரண்டு தரம் வாசல்வரைக்கும் வந்தாள். வாசலுக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் தரம் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள், அப்போதுதான் வெடிச்சத்தம் கேட்டது. ஒற்றை வெடி.

வெயில் ஏறிப் பனி விலகினபிறகு கொண்டுவந்தார்கள். நடந்தது இவ்வளவுதான்: மொட்டப்பாறைக்குக் கீழே கடமான் கண்ணில் பட்டது, நாட்டாமை விசையை இழுத்தார், மருந்து ஈரமாகி வெடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சடையாண்டியின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார். எடுத்துக் குறிவைப்பதற்குள் பனி மூடிவிட்டது. கடமானைத் திருப்பிவிடச் சடையாண்டி ஒரு காய்ந்த கொப்பை ஒடித்துத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடினான். நாட்டாமைக்குப் பனிக்குள் கொம்பு தெரிந்தது.

விலாவில், மொக்கராசுக்குப் பட்ட அதே இடத்தில் பட்டிருந்தது. ஊர் முழுக்க வாசலில் நின்றது, ஒருவரும் அழத் தொடங்கவில்லை, ஒச்சம்மாள் தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருவப்பன் முன்னால் வந்தார்.

"பனி, ஒச்சு..." என்றார். அவர் வாயில் வைத்துப் பார்க்காமலே அவருக்கு விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஊர் நாக்கு பொய் சொல்லிவிட்டது, அல்லது உண்மையைச் சொல்லவில்லை, எதுவானாலும் அதைக் கேட்க அந்த ஊரில் யாருக்கும் வாய் கிடையாது. அவர் உள்ளங்கையை விரித்தார். கழுவித் துடைத்த குண்டு. "இதை வேணும்னா... நீயே வச்சுக்கம்மா."

ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"எனக்கு எதுக்கு மாமா அது? கண்ணுல படப்பட நெஞ்சு வேகும்" என்றாள். "உருக்கிச் சேத்துருங்க. ஈயம் வீணாப் போகக் கூடாதுல்ல."

உள்ளே போய்ப் பொரியரிசிச் சட்டியை எடுத்துவந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, ஒரு துண்டு கருப்பட்டியும் போட்டு, ஈறால்கூடத் தின்னலாம் என்கிற பதத்துக்கு மென்றுகொண்டே இருந்தாள். ஊட்டுவதற்கு வாயில்லை. அதனால் விழுங்கினாள். அது ஒன்றுமே ருசிக்கவில்லை.